கோட்டையும் மொழியும்: மலாக்காவில் போர்த்துகீசிய மரபு

முன்னுரை

மலாக்கா நகருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர் குழுக்கள் 'ஆ ஃபாமோசா' கோட்டையின் எஞ்சிய வாயிலின் முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. 'இது போர்த்துகீசியர் கட்டிய கோட்டை' என்று ஆசிரியர் சொல்வார், மாணவர் குறித்துக்கொள்வர். அவ்வாயிலின் முகப்பைச் சற்றே அண்ணாந்து நோக்கினால், அங்குப் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டு 1670 என்பதும், அதனுடன் உள்ள சின்னம் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியினுடையது என்பதும் புலப்படும். மலாக்காவில் போர்த்துகீசியர் ஆட்சி 1641ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. வாயிலை எழுப்பியவர் போர்த்துகீசியர். அதைப் புதுப்பித்துத் தம் முத்திரையைப் பதித்தவர் டச்சுக்காரர். இன்று நாம் 'போர்த்துகீசியச் சின்னம்' என்று காட்டும் கல்லின்மேல் மற்றோர் அரசின் அடையாளமே இருக்கிறது.

அதே நகரின் கிழக்கே, உஜோங் பாசிர் கடற்கரையில், போர்த்துகீசியக் குடியிருப்பு என்று அழைக்கப்படும் சிற்றூர் ஒன்று உள்ளது. அங்குள்ள முதியோர் தம்முள் பேசிக்கொள்ளும் மொழி, 16ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த போர்த்துகீசியத்திலிருந்து வழிவழியாக வந்த மொழி. அதன்மேல் ஆண்டும் பொறிக்கப்படவில்லை, சின்னமும் இல்லை. ஆயினும் 1511ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை அறுபடாமல் வந்துள்ள போர்த்துகீசிய மரபு எது என்று வினவினால், அம்மொழியையே நாம் முதலில் சுட்டவேண்டும்.

காட்சிக்கு வைக்கப்படும் மரபுக்கும் வழிவழியாகக் கையளிக்கப்படும் மரபுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாட்டை மலாக்காப் போர்த்துகீசியச் சமூகத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்நாட்டில் தமிழைக் கற்பிக்கும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் அயலார் வரலாறாக அமையாது என்பது இறுதியில் தெளிவாகும்.

1511: நகரமும் வணிகரும்

போர்த்துகீசியர் மலாக்காவுக்கு முதன்முதலில் வந்தது 1509ஆம் ஆண்டில், தியோகோ லோப்பெஸ் தெ செக்கெய்ரா என்பவரின் தலைமையில். அவர்களைக் கண்ட மலாக்கா மக்கள் 'வெள்ளை வங்காளிகள்' என்று அழைத்ததாகச் 'செஜாரா மெலாயு' கூறுகிறது. முன்பின் கண்டிராத மனிதரைத் தமக்கு நன்கு பழக்கமான வணிக இனத்தின் பெயரால் மக்கள் அடையாளம் கண்டனர் என்பது எண்ணத்தக்கது. வங்காளிகளும் குஜராத்தியரும் தமிழரும் சீனரும் சாவகரும் நாள்தோறும் நடமாடிய துறைமுகத்தில் இன்னுமொரு கூட்டம் வந்ததாகவே அவர்கள் முதலில் கருதினர் எனலாம்.

மலாக்காவின் வணிகம் நான்கு ஷாபண்டார்களின் பொறுப்பில் பிரித்து நடத்தப்பட்டது. அவர்களுள் ஒருவர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரின் காரியங்களைக் கவனித்தார். அவ்வணிகரை மலாய், போர்த்துகீசிய ஆவணங்கள் 'கெலிங்' என்னும் பெயரால் குறிக்கின்றன. அரசவையில் அவர்களுக்கிருந்த செல்வாக்கையும் அதனால் எழுந்த பகைமையையும் 'செஜாரா மெலாயு'வில் வரும் இராஜா முதலியார், நீனா சூரா தேவானா ஆகியோரின் கதைகள் காட்டுகின்றன. இத்தகைய பூசல்களின் முடிவில், 1510ஆம் ஆண்டில், பெண்டஹாரா துன் முத்தாஹிர் சுல்தான் மஹ்மூட் ஷாவின் ஆணையால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அல்போன்சோ தெ அல்புக்கெர்க்கே கடற்படையுடன் வந்தபோது, உட்பகையால் நலிந்த ஒரு நகரையே எதிர்கொண்டார்.

1509இல் வந்த போர்த்துகீசியருள் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டிருந்தனர். அவர்களுக்கு உதவியவர் நீனா சாத்து என்னும் இந்து வணிகர். 'நயினா' என்னும் மதிப்புச்சொல்லின் திரிபாகவே பெயரின் முற்பகுதியைக் கொள்ளலாம். 1511 ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தபின், மலாக்காவில் எஞ்சிய முஸ்லிமல்லாத வணிகருக்குத் தலைவராகவும் பெண்டஹாராவாகவும் அவரையே அல்புக்கெர்க்கே அமர்த்தினார். புதிய ஆட்சியாளரிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் பெகுவிலும் சோழமண்டலத்திலும் யாரிடம் எப்பொருளை எவ்விலைக்கு வாங்குவது என்னும் அறிவு இருக்கவில்லை. அதை அளித்தவர் நீனா சாத்து. போர்த்துகீசிய அரசும் அவரும் கூட்டாகக் கப்பல்களை அனுப்பிய செய்தியை வரலாற்றறிஞர் லூயிஸ் ஃபிலிப்பே தோமாஸ் ஆவணங்களைக் கொண்டு விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இந்நட்பின் முடிவு துயரமானது. 1514ஆம் ஆண்டில் பெண்டஹாராப் பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டுக் கம்பார் அரசருக்கு வழங்கப்பட்டது. இழிவைப் பொறாத நீனா சாத்து தீ மூட்டச் செய்து அதில் இறங்கி உயிர்நீத்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்துள்ளனர். மலாக்காவில் போர்த்துகீசிய ஆட்சியின் தொடக்கத்தைத் தமிழ் வணிகரை விடுத்து எழுத இயலாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் கூடாது. நகரம் சூறையாடப்பட்டது, முஸ்லிம் மக்கள் பெருந்துன்பத்துக்கு ஆளாயினர். பள்ளிவாசலின் கற்களும் அரசகுடியினரின் கல்லறைக் கற்களும் கோட்டை கட்டப் பயன்பட்டன. முஸ்லிம் வணிகர் பலர் அச்சே முதலிய துறைமுகங்களுக்கு இடம்பெயர்ந்தனர். கோட்டையின் புகழைப் பேசும்போது அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் மாணவர்க்குச் சொல்லவேண்டிய கடமை நமக்குண்டு.

மணவுறவும் சமயமும்

போர்த்துகல் சிறிய நாடு. அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்ட கப்பல்களில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புக்கெர்க்கே, தம் வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே குடியமர்வதை ஊக்குவித்தார். இவ்வாறு மணம்புரிந்து தங்கியவர்கள் 'கசாடோ' எனப்பட்டனர். மலாக்காவிலும் இம்முறையே வேரூன்றியது. போர்த்துகீசியத் தந்தையும் மலாய், சாவக, இந்திய, சீனத் தாயும் அமைந்த குடும்பங்கள் தோன்றின. தந்தையின் சமயமும் தாயின் சமையலும் இருவர்க்கும் பொதுவான ஒரு கலப்பு மொழியும் பிள்ளைகளின் உடைமையாயின.

இக்கலப்பின் சிறந்த விளைவாக மனுவெல் கொதின்ஹோ தெ எரேதியாவைக் குறிப்பிடலாம். இவர் 1563இல் மலாக்காவில் பிறந்தவர். தந்தை போர்த்துகீசியர், தாய் மக்காசார்ப் பகுதியின் அரச குடும்பத்துப் பெண். நிலப்பட அறிஞராக விளங்கிய எரேதியா 1613இல் மலாக்காவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வரைந்த நகர்ப்படத்தில் ஆற்றுக்கு அப்பாலுள்ள உப்பே புறநகரில் 'கம்போங் கெலிங்' தனியே குறிக்கப்பட்டுள்ளது. தமிழ் வணிகரின் குடியிருப்பை நிலப்படத்தில் நமக்காகப் பதிவுசெய்தவர், போர்த்துகீசியமும் ஆசியமும் கலந்த ஒரு மலாக்காக்காரர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

சமயம் இச்சமூகத்தின் இரண்டாம் தூண். 1521இல் குன்றின்மேல் எழுந்த சிற்றாலயமே பின்னர் புனித பவுல் தேவாலயமாயிற்று. தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1552இல் சீனக் கரைக்கு அருகில் இறந்த அவருடைய உடல், கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படும் முன் 1553இல் இக்குன்றின் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அதே சமயப்பணியின் மற்றொரு கிளையில்தான் என்றிக்கே என்றிக்கெஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. முத்துக்குளித்துறையும் மலாக்காவும் அன்று ஒரே கடல்வழியின் இரு துறைகளாக இருந்தன.

ஆட்சி போனபின் நின்றவை

1641 சனவரியில், பல மாத முற்றுகைக்குப்பின், மலாக்கா டச்சுக்காரர் வசமாயிற்று. பஞ்சமும் நோயும் நகரை ஏற்கெனவே வாட்டியிருந்தன. வசதியுடைய போர்த்துகீசியர் பலர் வேறு துறைமுகங்களுக்குச் சென்றனர். செல்ல இயலாத எளிய கலப்புக் குடும்பங்கள் தங்கிவிட்டன. புரோட்டஸ்டண்டு சமயத்தவரான புதிய ஆட்சியாளர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குன்றின்மேலிருந்த ஆலயம் அவர்கள் கைக்குச் சென்றது. கத்தோலிக்கர் மறைவில் வழிபட்டனர். தடை தளர்ந்தபின், 1710இல் புனித பேதுரு தேவாலயம் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நிகழும் கத்தோலிக்க ஆலயங்களுள் அதுவே பழமையானது.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் வியப்பளிப்பது. அரசிழந்த மொழி அழியவில்லை. போர்த்துகீசியக் கலப்பு மொழி ஆசியத் துறைமுகங்களின் பொதுமொழியாக முன்பே பரவியிருந்தது. டச்சுக்காரரின் தலைநகரான பத்தாவியாவிலேயே அவர்களின் வீடுகளுக்குள் அது புகுந்திருந்தது. மலாக்காவில் டச்சுக் குடும்பங்கள் சில காலப்போக்கில் கத்தோலிக்கக் கலப்புச் சமூகத்தோடு மணவுறவு கொண்டு அதனுள் கரைந்தன. டச்சுக் குடும்பப் பெயர் தாங்கிக் கிறிஸ்தாங் மொழி பேசுவோர் இன்றும் உளர். வென்றவரின் பெயர் நிற்க, தோற்றவரின் மொழி வீட்டில் வழங்கியது.

கோட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. மலாக்காவைத் தற்காலிகமாகப் பெற்றிருந்த ஆங்கிலேயர், அது பிறர் கையில் வலிமை பெறலாகாது எனக் கருதி 1807இல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். மலாய் எழுத்துலகின் முன்னோடியும் தமிழ்க் கலப்புடைய குடும்பத்தில் பிறந்தவருமான முன்ஷி அப்துல்லா, தம் இளமையில் நிகழ்ந்த அவ்வழிவைத் தம் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நின்ற மதில்களில் ஒரு வாயிலே இன்று கண்ணுக்குத் தெரிகிறது. பாதுகாப்பற்ற மொழியோ அக்கோட்டையை விஞ்சி வாழ்ந்தது.

இதற்குக் காரணம் யாது? பள்ளியில்லை, அச்சு நூலில்லை, அரசின் ஆதரவில்லை. நாம் காணும் காரணங்கள் மூன்று. முதலாவது, சமயமும் மொழியும் ஒன்றையொன்று தாங்கின. 'கிறிஸ்தாங்' என்னும் சொல்லே 'கிறித்துவர்' எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. மொழிக்கும் மக்களுக்கும் சமயத்துக்கும் அதுவே பெயர். இரண்டாவது, புனித பேதுரு ஆலயம் போர்த்துகீசிய மிஷனின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தமையால் போர்த்துகீசியப் பாதிரியார்களின் தொடர்பு அறவே அற்றுப்போகவில்லை. மூன்றாவது, தொழில். கரையோரத்தில் நெருங்கி வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்குக் கடலிலும் கரையிலும் அடுக்களையிலும் வேறு மொழி தேவைப்படவில்லை. சம்பலுக்கும் பெலாச்சானுக்கும் உரிய 'கெராகாவ்' என்னும் சிற்றிறாலைப் பிடிப்பது அவர்கள் தொழில். அதன் பெயராலேயே பிறர் அவர்களை ஏளனமாக அழைத்ததும் உண்டு. அவ்வேளனத்துக்குக் காரணமான அந்த வாழ்க்கையே மொழியைக் காத்தது.

சொல்லும் இலக்கணமும்

கிறிஸ்தாங்கைச் 'சிதைந்த போர்த்துகீசியம்' என்று கூறுவோர் உண்டு. இக்கூற்று மொழியியலுக்குப் பொருந்தாது. ஆலன் பாக்ஸ்டர் 1988இல் வெளியிட்ட இலக்கண நூல், அது தனக்கென ஒழுங்கான அமைப்புடைய மொழி என்பதை நிறுவியது. போர்த்துகீசிய வினைச்சொல் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறு மாறும். கிறிஸ்தாங் வினைச்சொல் மாறுவதில்லை. அதன்முன் 'ஜா' வந்தால் முற்றுப்பெற்ற செயல், 'தா' வந்தால் நிகழும் செயல், 'லோகு' வந்தால் எதிர்காலச் செயல். 'யோ தா பாய்' என்றால் 'நான் போய்க்கொண்டிருக்கிறேன்'. 'மரியாவின் வீடு' என்பதைப் போர்த்துகீசியர் வீட்டை முன்னும் மரியாவைப் பின்னும் வைத்துச் சொல்வர். கிறிஸ்தாங்கில் அது 'மரியா சா காசா'. உடையவர் முன்னும் உடைமை பின்னுமாக வரும் இவ்வரிசை தமிழ் மாணவர்க்கு விளக்கமின்றியே புரியும். பேச்சு மலாயிலும் 'மரியா பூஞா ரூமா' என இதே அமைப்பு உண்டு. சொல் ஐரோப்பாவினது; சொல் நிற்கும் முறை ஆசியாவினது.

சொற்களின் பயணத்தை வகுப்பறையில் காட்டுவது எளிது. நாம் 'சன்னல்' என்கிறோம். மலாய்க்காரர் 'ஜெண்டேலா' என்பர். இவ்வாறே அலமாரி – அல்மாரி, மேசை – மேஜா, பாதிரி – பாடெரி, ஏலம் – லேலோங், துவாலை – துவாலா, அன்னாசி – நானாஸ், வராந்தா – பெராண்டா. இவ்விணைகள் தமிழிலிருந்து மலாய்க்கோ மலாயிலிருந்து தமிழுக்கோ சென்றவை அல்ல. இரு கரைகளிலும் இறங்கிய ஒரே வணிகர் இரு மொழிகளிலும் விட்டுச்சென்றவை. மலாயில் ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'மிங்கு' என்பதும் தேவாலயத்தைக் குறிக்கும் 'கெரேஜா' என்பதும் அவ்வழியில் வந்தனவே.

தமிழுக்கு இம்மொழியோடு இன்னொரு நெருக்கமும் உண்டு. இலங்கையின் மட்டக்களப்பில் போர்த்துகீசிய வழிவந்த பறங்கியர் பேசும் கலப்பு மொழி, தமிழின் தொடரமைப்பைப் பெரிதும் ஏற்று மாறியது. மலாக்காவில் மலாயை ஒட்டி வளர்ந்த மொழி, மட்டக்களப்பில் தமிழை ஒட்டி வளர்ந்தது. மலாக்காவின் புகழ்பெற்ற 'ஜிங்க்லி நோனா' பாடலுக்கு உறவான பாடல்கள் இலங்கையிலும் உண்டு. தாய்நாட்டின் தொடர்பு மெலிந்த காலத்திலும் இத்துறைமுகச் சமூகங்கள் தம்முள் பாடலைப் பரிமாறிக்கொண்டன என்பது இதனால் விளங்கும்.

குடியிருப்பும் விழாக்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சமூகத்தின் ஏழை மீனவர்கள் நகரின் கரையோரங்களில் சிதறி வாழ்ந்தனர். அவர்களை ஓரிடத்தில் குடியமர்த்த முயன்றவர் இரு பாதிரியார்கள்: பிரெஞ்சு மிஷனைச் சேர்ந்த ஜூல்ஸ் பியேர் பிரான்சுவா, போர்த்துகீசிய மிஷனைச் சேர்ந்த அல்வாரோ மார்ட்டின் கொரோவாடோ. உஜோங் பாசிரில் 28 ஏக்கர் சதுப்புநிலம் பெறப்பட்டு, 1930களில் வீடுகள் எழுந்தன. அல்புக்கெர்க்கே, செக்கெய்ரா, எரேதியா, அராவுஜோ முதலிய பெயர்கள் தெருக்களுக்குச் சூட்டப்பட்டன. ஆங்கிலேய ஆட்சியில், மீனவர் வாழும் சதுப்புநிலத்துக்கு நானூறு ஆண்டுக்கு முந்திய படைத்தலைவர்களின் பெயர் சூட்டப்பட்டதைக் காண்கையில், 'போர்த்துகீசியர்' என்னும் அடையாளம் எவ்வளவு விழிப்புடன் கட்டமைக்கப்பட்டது என்பது தெரிகிறது.

அவ்வூரின் ஆண்டு விழாக்களால் நாட்காட்டி உயிர்பெறுகிறது. தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறன்று 'இந்த்ருடு'. அன்று ஒருவர்மீது ஒருவர் நீரூற்றி மகிழ்வர். சூன் 23ஆம் நாள் மாலை 'சான் ஜுவாங்' விழாவுக்காக வீடுகளின் முன் மெழுகுவத்திகள் வரிசையாக ஒளிரும். சூன் 29இல் மீனவரின் காவலரான புனித பேதுருவின் விழா; அழகுபடுத்தப்பட்ட படகுகளைப் பாதிரியார் மந்திரிப்பார். கிறிஸ்துமசுக்குப்பின் எஞ்சிய இறைச்சியில் காடி, கடுகு, மிளகாய், புவாக் கெராஸ் சேர்த்துச் சமைக்கும் 'டெபால்' கறி எல்லா வீடுகளிலும் மணக்கும். காடி ஐரோப்பாவின் பழக்கம். மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஆசியாவுக்கு வந்த பொருள். புவாக் கெராஸ் இம்மண்ணுக்குரியது. ஒரு சட்டிக்குள் இச்சமூகத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

பெற்ற மரபும் கற்ற மரபும்

இனி, இவ்வாய்வின் மையச் சிக்கலுக்கு வருவோம். மலாக்காவின் சுற்றுலா விளம்பரங்களில் போர்த்துகீசிய மரபு என்றவுடன் காட்டப்படுவது யாது? சிவப்பும் கறுப்புமான உடையணிந்த இளைஞரும் பெண்களும் ஆடும் நாட்டுப்புற நடனம். பார்ப்போர் அதனை 1511ஆம் ஆண்டிலிருந்து வந்ததாகவே எண்ணுவர்.

உண்மை வேறு. போர்த்துகலின் கடல்கடந்த நாடுகளுக்கான அமைச்சர் சார்மெந்தோ ரொட்ரிகெஸ் 1952இல் மலாக்காவுக்கு வருகை தந்தார். அவரை வரவேற்கும் பொருட்டுப் போர்த்துகலின் நாட்டுப்புற நடனங்கள் அப்போது கற்கப்பட்டன. மார்கரெட் சர்கிசியன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அல்புக்கெர்க்கேயின் பிள்ளைகள்' பற்றிய ஆய்வுநூலில் இச்செய்தி விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அதற்கு முன் இச்சமூகத்தின் சொந்த ஆடலாக விளங்கியது 'பிரான்யோ'. வயலினும் மத்தளமும் ஒலிக்க, ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று தொடாமல் ஆடுவது அது. மலாய் 'ஜோகேட்' நடனத்துக்கு மிக நெருங்கியது. அவ்வளவு நெருங்கியிருந்ததாலேயே அது 'போர்த்துகீசியம்' என்று காட்டுவதற்குப் போதாததாக அன்று தோன்றியிருக்க வேண்டும்.

இதனைக் கொண்டு அந்நடனங்களைப் 'போலி' என்று நாம் தள்ளிவிடுதல் முறையன்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைத் தாயிடமிருந்து மகளும் மகளிடமிருந்து பேத்தியும் கற்றுவருகின்றனர். ஏளனத்துக்கு ஆளான ஏழைச் சமூகம் ஒன்று மேடையேறித் தலைநிமிர அவை உதவின. தனியடையாளம் அரசியல் மதிப்பையும் தந்தது. 1984இல் இச்சமூகத்தினர் அமானா சஹாம் நேஷனல் முதலீட்டுத் திட்டத்தில் சேர அனுமதிக்கப்பட்டனர். கற்ற மரபும் காலப்போக்கில் சொந்த மரபாகும் என்பதை நாம் ஏற்கவேண்டும்.

ஆயினும் வினா எஞ்சுகிறது. மேடை வளர்ந்த அதே காலத்தில் மொழி தேய்ந்தது. பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசத் தொடங்கினர், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் இருந்தன, கிறிஸ்தாங்குக்கு இடமில்லை. இன்று அம்மொழி யுனெஸ்கோவின் அழிவை எதிர்நோக்கும் மொழிகளின் நிரலில் இடம்பெற்றுள்ளது. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்டன. கோட்டை வாயில் அத்தளத்தின் எல்லைக்குள் அமைந்தது; உஜோங் பாசிர் குடியிருப்போ அதற்கு வெளியே நின்றது. மொழிக்குக் களமாக இருந்த கடலும் விலகிச் சென்றது. கரையை மண்ணிட்டு நிரப்பும் பணிகளால் மீன்பிடித் தொழில் நலிந்தது. 2014இல் தொடங்கப்பட்ட 'மலாக்கா கேட்வே' திட்டத்துக்குக் குடியிருப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். கெராகாவ் பிடிப்போர் இல்லாதபோது அவர்கள் வலைக்கும் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் வைத்திருந்த சொற்களைப் பேசுவோர் யார்?

இரு ஒப்பீடுகள்

இந்நிலையை இரு சமூகங்களோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது.

முதலாவது, ஜகார்த்தாவின் வடபகுதியிலுள்ள டூகு சமூகம். பத்தாவியாவில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் இவர்கள். வங்காளம், சோழமண்டலம், மலபார் கரைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் இவர்களின் முன்னோருள் உளர். போர்த்துகீசியக் கலப்பு மொழி பேசிய இவர்களிடையே அம்மொழி 1970களின் இறுதியில் வழக்கொழிந்தது. 'கெரோஞ்சோங்' இசை நிலைத்தது. இசை நின்றாலும் மொழி போகும் என்பதற்கு டூகு ஓர் எச்சரிக்கை.

இரண்டாவது ஒப்பீடு நமக்கு மிக அண்மையது. மலாக்காச் செட்டிகள் தம்மைச் சுல்தானியக் காலத் தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களாகக் கருதுவோர். நீனா சாத்துவின் உலகத்தைச் சேர்ந்தோர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. பொங்கலும் முன்னோர் படையலும் மாரியம்மன் வழிபாடும் அவர்களிடையே தொடர்கின்றன. ஆயின் அவர்களின் வீட்டுமொழி மலாயாயிற்று. தமிழ் வழிபாட்டுச் சொற்களாக மட்டும் எஞ்சியது. ஒரே நகரில், ஒரே காலத்தில், தாய்நாட்டின் தொடர்பு அருகிய இரு வணிக வழிச் சமூகங்களுள் ஒன்று மொழியை இழந்தது, மற்றொன்று காத்தது. இவ்வேறுபாட்டை மொழிப்பற்றின் மிகுதி குறைவாகக் கூறுவது எளிது, ஆனால் பொருந்தாது. கிறிஸ்தாங் குடும்பங்களில் மொழியே சமூகத்தின் எல்லையாக இருந்தது. செட்டிகளுக்கோ கோயிலும் சடங்கும் அவ்வெல்லையை வகுத்துத் தந்தமையால், சந்தையின் மொழி வீட்டுக்குள் வந்தபோதும் அவர்கள் செட்டிகளாகவே நீடித்தனர். மொழி இன்றியும் அடையாளம் நிற்கும் என்னும் நிலை தோன்றியபின் மொழியைக் காப்பது அரிது. கிறிஸ்தாங் சமூகம் நடனமேடையின் வழியே இன்று வந்தடைந்திருப்பது அந்நிலையைத்தான்.

முடிவுரை

மீட்புக்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஆலன் பாக்ஸ்டரும் மலாக்காவைச் சேர்ந்த பேட்ரிக் டி சில்வாவும் தொகுத்த கிறிஸ்தாங் – ஆங்கில அகராதி 2004இல் வெளிவந்தது. ஜோன் மார்பெக் அம்மொழியில் எழுதி நூல்கள் வெளியிட்டார். சிங்கப்பூரில் 2016இல் 'கோத்ரா கிறிஸ்தாங்' என்னும் இயக்கம் வகுப்புகளைத் தொடங்கியது. 'விழித்தெழு' என்பது அப்பெயரின் பொருள். நூற்றாண்டுகளாக எழுதப்படாமலே வாழ்ந்த மொழி, வீட்டில் பேச்சுக் குறைந்தபின் எழுத்திலும் வகுப்பறையிலும் அடைக்கலம் தேடுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் இரண்டு. ஒன்று, மலாக்காவின் போர்த்துகீசிய மரபை ஐரோப்பிய ஆட்சியின் எச்சமாக மட்டும் கற்பிப்பது குறையுடையது. அது மலாய்த் தாய்மாராலும் தமிழ் வணிகராலும் டச்சு மருமக்களாலும் உருவான இந்நாட்டு மரபு. மற்றொன்று, அரசும் சுற்றுலாவும் காப்பது கண்ணால் காணத்தக்கதை. காதால் கேட்கத்தக்கது கைவிடப்படுகிறது. நம் பள்ளிகளில் பொங்கல் விழாவும் பரதநாட்டியமும் சிறப்புற நடைபெறும்போது, மேடையின் பின்னே உடைமாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தம்முள் எம்மொழியில் பேசிக்கொள்கின்றனர் என்பதைச் சற்றே நின்று கேட்கவேண்டியவர் தமிழாசிரியரே.

அடுத்த முறை மாணவரை அழைத்துக்கொண்டு மலாக்கா செல்லும்போது, கோட்டை வாயிலில் 1670 என்னும் ஆண்டைக் காட்டிவிட்டு, பேருந்தை உஜோங் பாசிருக்கும் செலுத்தச் சொல்வோம். கடலை நோக்கி அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் 'தெங் போங்?' என்று நலம் வினவட்டும் மாணவர். விடையாக வரும் சொற்கள், அவ்வாயிலின் முகப்பிலுள்ள எழுத்துகளைவிட ஒரு நூற்றாண்டேனும் பழமையானவை.